என் மடிக்கணினி காட்டிய லண்டன் நேரம்

இருபத்தாறு வருடங்களாக நான் கணிதம் படிப்பிக்கிறேன். பரீட்சை மண்டபத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்த பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, நேரத்தின் அருமை பற்றி இன்னொரு ஐந்து நிமிடம் பேசி, பத்து நிமிடம் பிந்தவைத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் ஒரே மகனின் தாலிகட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினேன். பஸ் பழுதாகவில்லை, மழையும் பெய்யவில்லை. பண்டத்தரிப்பில் என் சொந்த வீட்டு விறாந்தையில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, முதல் வரிசைக் கதிரையில் இருந்தபடியே பிந்தினேன்.

இதை எழுதும்போது இப்போதும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. (இடையில் இரண்டு தரம் எழும்பிப்போய்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.)

மகன் நிரோஷன் லண்டனில் வேலை பார்க்கிறான். அவன் விரும்பிய பெண் ஆரணி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கலியாண மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே பதிவாகிவிட்டது. எனக்கும் என் கணவருக்கும் விசா வரவில்லை. அதைப் பற்றி எழுதப்போனால் சிரிப்பு வராது என்பதால் அதை இத்துடன் விடுகிறேன். தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் கட்டுகிற அதே நிமிடத்தில் திரையிலாவது பார்த்து, இங்கிருந்தே அறுகரிசி போட்டு வாழ்த்தவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும் என் கையில் இருக்க, பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும்.

இதற்கு நிரோஷன் மிகச் சுலபமான ஒரு வழி சொன்னான்.

"அம்மா, நான் ஒரு லிங்க் அனுப்புறன். உங்கடை பழைய லப்டொப்பிலை அமத்தினால் காணும். மண்டபம் அப்பிடியே தெரியும், நீங்களும் இஞ்சை திரையிலை தெரிவியள். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்."

வேறை ஒண்டும் செய்ய வேண்டாம் என்று அவன் தெளிவாகத்தான் சொன்னான். அந்த ஒரு வசனத்தை நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நடுவில் ஒரு நாள் ஆரணியின் தாய் பேசினார். என் சம்பந்தி, நல்ல மனுசி. அவர்கள் வீட்டில் எல்லோரும் பழம் போட்ட போன்தான் வைத்திருக்கிறார்கள். கடித்த பழம் ஒன்று முதுகில் இருக்குமே, அந்தக் கம்பனி. அந்தப் போனுக்கும் அந்தப் பழம் போட்ட கணினிக்கும் இடையில் தனியாக ஒரு வீடியோ அழைப்பு இருக்கிறதாம், படம் கண்ணாடி மாதிரித் தெரியுமாம்.

"உங்களிட்டையும் பழம் போட்டது இருக்கோ மச்சாள்? இருந்தால் நல்ல வடிவாப் பாக்கலாம்" என்று கேட்டார்.

"ஓம், இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய் என்ற பதவி தலைக்கு ஏறியிருக்கவேண்டும். என்னிடம் இருந்தது எட்டு வருடத்துப் பழைய, கறுப்பு நிற, சாதாரண மடிக்கணினி. வினாத்தாள் தட்டச்சு செய்வதற்காக வாங்கியது. 'ன' எழுத்துக்குரிய விசை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும்.

தொலைபேசியை வைத்தபிறகு, வெங்காயத் தோட்டத்தில் இருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த என் கணவர் நிதானமாகக் கேட்டார்.

"எங்கையப்பா பழம் இருக்கு?"

"வரும்" என்றேன்.

அன்று பின்னேரமே இணையத்தில் தேடினேன். கடவுள் கைவிடவில்லை. சாதாரண மடிக்கணினியிலும் பழக்கம்பனியின் இயங்குதளத்தை ஓட்டலாம் என்று ஒரு வெளிநாட்டுப் பெடியன் ஒன்றரை மணித்தியால வீடியோ போட்டிருந்தான். அந்தக் கம்பனி தன் சொந்தப் பெட்டிகளுக்கு மட்டும்தான் அதைச் செய்கிறதாம். வேறு பெட்டியில் ஏற்றினால் அவர்கள் ஆதரவு தரமாட்டார்கள், பழுதானால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள், எல்லாம் உங்கள் சொந்தப் பொறுப்பு என்று அவன் தொடக்கத்திலேயே மூன்று தரம் எச்சரித்தான். சொந்தப் பொறுப்பு என்ற சொல்லுக்கு நானா பயப்படுவேன்? அரசாங்கத்தின் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தையே பொறுப்பெடுத்து நடத்தினவள்.

தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, படிமுறைகளைச் சிவப்புப் பேனாவால் எழுதினேன். முப்பத்தொன்பது படிமுறைகள் வந்தன. என் மாணவர்கள் யாராவது இப்படி எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் கொடுத்திருப்பேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"இஞ்சரும், என்னவும் செய்யும். பழசை மட்டும் அழிச்சுப் போடாதையும்."

அவருக்காக மடிக்கணினியின் உள்ளிடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பழைய இயங்குதளத்தை அப்படியே விட்டு, மறுபாதியில் புதியதை ஏற்றினேன். (தோட்டம் செய்கிற மனுசனுக்குக் கணினி பற்றி என்ன தெரியும் என்ற இளக்காரத்தோடுதான் விட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

மூன்று கிழமை நடந்த போராட்டத்தை விரிவாக எழுதினால் வாசிக்கிறவர்களுக்கும் காய்ச்சல் வரும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கீழே கொட்டும். கொட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். நின்றால் நின்றதுதான். நான் கொப்பியைப் பார்ப்பேன், கொப்பி என்னைப் பார்க்கும். மறுபடி முதலாம் படிமுறை. பன்னிரண்டாம் நாள் பாடசாலையால் வந்து சேலையும் மாற்றாமல் இருந்து தட்டியபோது, கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளையாகப் பழம் தோன்றியது.

நான் கத்திய கத்தில் என் கணவர் கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்துக் கையில் மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

"பழம் வந்திட்டுது" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"சரி. இனி இதிலை பெடியன் தெரிவானோ?"

தெரியமாட்டான். பழம் வந்ததே தவிர வைஃபை வரவில்லை. வைஃபை வந்தபோது சத்தம் போனது. சத்தத்தைக் கொண்டுவந்தபோது, விரலால் தடவுகிற பலகை செத்துப்போனது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று படுக்கும். ஆனாலும் கலியாணத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை மத்தியானம், ஆச்சரியப்படும்படி எல்லாம் ஒன்றாக வேலை செய்தன. சம்பந்திக்கு அந்தப் பழ அழைப்பில் எடுத்து இரண்டு நிமிடம் பேசினேன். கண்ணாடி மாதிரித்தான் தெரிந்தார். "மச்சாள், உங்கடை மூக்குத்தி மினுங்கிறதுகூடத் தெரியுது" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வப்பட்ட நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தாலிகட்டு லண்டன் நேரம் காலை பத்து மணி ஐந்து நிமிடம். அங்கே வசந்தகாலம் தொடங்கும்போது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். குளிர்காலத்தில் லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், நேரம் மாற்றினபிறகு நாலரை. கலியாணம் சரியாக அந்த மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்து விழுந்தது. நிரோஷன் இதை மூன்று தரம் சொல்லியிருந்தான்.

"அம்மா, ஞாயிறு விடியத்தான் நேரம் மாத்துறது. அதாலை நாலரை. உங்களுக்கு ரெண்டு முப்பத்தைஞ்சு. மறந்திடாதேங்கோ."

நான் மறக்கவில்லை. முப்பது விருந்தினருக்கும் இரண்டு முப்பத்தைந்து என்றுதான் சொல்லியிருந்தேன். வாடகைக் கதிரைகள் வந்திறங்கின. சனசமூக நிலையத்தில் இருந்து புரொஜெக்ரர் வந்தது. விறாந்தைச் சுவரில் என் கணவரின் புது வேட்டியைத் திரையாகக் கட்டினோம். எல்லாம் சரி.

காலை எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு: புதிய மேம்படுத்தல் இருக்கிறது, இப்போது செய்யவா? வெளிநாட்டுப் பெடியனின் வீடியோவில் இதைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தான். கொப்பியைப் பார்த்தேன். முப்பத்தொன்பதாம் படிமுறைக்குக் கீழே சிவப்புப் பேனாவால், இரண்டு கோடு போட்டு, 'ஒருபோதும் மேம்படுத்தக் கூடாது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அதை நான் வாசித்தது அமத்தினபிறகு.

பழம் வந்தது. கீழே ஒரு கோடு வந்தது. கோடு பாதிவரை போய் நின்றது. பத்து நிமிடம் நின்றது, இருபது நிமிடம் நின்றது. நான் அதற்கு முன்னால் நின்று நல்லூர்க் கந்தனையும் மருதனார்மடத்து ஆஞ்சநேயரையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். இருவருக்கும் அது ஆதரவு இல்லாத இயங்குதளம் போலிருக்கிறது.

"பழசைப் போடுமன்" என்றார் என் கணவர், விறாந்தையில் தோரணம் கட்டிக்கொண்டே. "லிங்க் எண்டு ஒண்டு தந்தவன் எல்லோ. அதிலை பாப்பம்."

வேறு வழியில்லாமல், மூன்று கிழமையாகத் திறக்காத பழைய இயங்குதளத்தைத் திறந்தேன். ஒரு முறைப்பாடும் இல்லாமல் அது எழும்பியது. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, தற்செயலாக வலதுபக்க மூலையைப் பார்த்தேன். நேரம் 3:40 என்று இருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஒன்பது பத்து.

வேறு யாராக இருந்தாலும் கணினியில் நேரம் பிழைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நான் கணித ரீச்சர், கழித்துப் பார்த்தேன். ஒன்பது பத்தில் மூன்று நாற்பது போக, சரியாக ஐந்தரை மணித்தியாலம். ஒரு நிமிடம் கூடக்குறைய இல்லை. முப்பது வருடமாக வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கிற ஊரில் பிறந்த எவருக்கும் ஐந்தரை என்ற இலக்கத்தைக் கண்டதும் வேறென்ன தோன்றும்? லண்டன்.

முடிவு பளிச்சென்று வந்தது. நேற்று லண்டனுக்கு அழைப்பு எடுத்தேன் அல்லவா, கணினி தானாகவே லண்டன் நேரத்துக்கு மாறிவிட்டது. நல்ல புத்திசாலிக் கணினி. ஆனால் நாலரை காட்டவேண்டிய இடத்தில் ஐந்தரை காட்டுகிறதே. அப்படியானால் அங்கே இன்னும் நேரம் மாற்றவில்லை. இன்று இரவுதான் மாற்றப்போகிறார்கள். மகன் ஒரு நாள் பிழையாகச் சொல்லிவிட்டான். தாலிகட்டு எங்களுக்கு இரண்டு முப்பத்தைந்துக்கு இல்லை, மூன்று முப்பத்தைந்துக்கு.

முப்பது பேரை ஒரு மணித்தியாலம் சும்மா இருத்தி அவமானப்பட இருந்தேனே.

"இஞ்சருங்கோ, நேரம் பிழை. மூண்டு முப்பத்தைஞ்சுக்குத்தான் தாலி."

என் கணவர் ஏணியில் நின்றபடி திரும்பினார். "அவன் ரெண்டு முப்பத்தைஞ்சு எண்டெல்லோ சொன்னவன்?"

"அவன் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு இண்டைக்குத் தன்ரை பேரே ஞாபகம் இருக்காது."

"ஒருக்கால் எடுத்துக் கேட்டால் என்ன?"

"அங்கை இப்ப விடியப்புறம் மூண்டே முக்கால். கலியாண நாளிலை பிள்ளையை நித்திரையாலை எழுப்பிறதோ?"

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "உம்மடை கணக்கு வழமையாப் பிழைக்காது" என்று சொல்லிவிட்டுத் தோரணத்துக்குத் திரும்பினார். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டிய நாலைந்து தருணங்களில் அதுவும் ஒன்று.

பத்து மணிக்குள் முப்பது பேருக்கும் எடுத்து நேரத்தை மாற்றினேன். மத்தியானம் மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'நேரம் எல்லாம் நான் சரிபார்த்துவிட்டேன். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.' அவன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

எங்கள் பக்கம் கதிரைக்கு ஆசைப்பட்டு எல்லோரும் முந்தியே வருவார்கள். இரண்டேகாலுக்கே முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. இந்த முப்பது பேரின் போன்களும் எங்கள் வீட்டு வைஃபையில் தொங்கினால் படம் இறுகி நின்றுவிடும். ஆகவே பரீட்சை மண்டபத்தில் செய்வதையே செய்தேன். வாசலில் ஒரு மேசை போட்டு, எல்லோருடைய போனையும் வாங்கி, இலக்கம் எழுதிய துண்டு கொடுத்து, போன்களைப் பொங்கலுக்கு எடுக்கிற பெரிய அலுமினியச் சருவத்தில் அடுக்கிச் சாமியறையில் வைத்தேன். முதலில் போட்டது என்னுடையதும் என் கணவருடையதும். முன்மாதிரி காட்டவேண்டும் அல்லவா?

"ரீச்சர், கல்குலேற்றரும் தரவேணுமோ?" என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பிறகு புரொஜெக்ரரைப் போட்டேன். வேட்டி முழுக்க மடிக்கணினியின் திரை விரிந்தது. மூலையில் இருந்த நேரம் பெரிதாகத் தெரிந்தது: 8:52.

"உது என்ன பிள்ளை, எட்டு ஐம்பத்திரண்டு எண்டு கிடக்கு?" என்று முன்வரிசையில் இருந்த என் பெரியம்மாவின் மகள் கமலாக்கா கேட்டார்.

"அது லண்டன் நேரம் அக்கா."

"அட, லண்டன் நேரமே காட்டுதோ?"

கேள்வி கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றை எடுத்து வேட்டிக்குப் பக்கத்தில் நின்று, பூமி எப்படிச் சுற்றுகிறது, நெடுங்கோடு என்றால் என்ன, நேரம் மாற்றுகிற வழக்கம் என்ன, என் மகன் எப்படி ஒரு நாள் பிழைவிட்டான், அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இப்பவே லிங்கை அமத்தி வைக்கலாமே ரீச்சர்?" என்று பழைய மாணவன் கேட்டான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் முந்திப்போய்க் காத்துக்கொண்டு நிக்கிறதில்லை. அவை எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை அமத்துவம்."

நான் அடிமட்டத்தால் தொட்டுக்காட்டிக்கொண்டிருந்தபோது வேட்டியில் நேரம் 9:05 ஆனது. அந்த நிமிடத்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் "இன்னும் சரியா ஒரு மணித்தியாலம் கிடக்கு" என்று சபைக்கு அறிவித்தவள் நான்தான்.

சில நிமிடங்களில் சாமியறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. முதலில் மெல்லிய அதிர்வு. பிறகு இன்னொன்று. பிறகு சருவம் முழுக்கக் கடகடவென்று அதிரத் தொடங்கியது. முப்பது போன்கள் அலுமினியத்தில் ஒன்றோடொன்று முட்டித் துள்ளுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"போனெல்லாம் அடிக்குது போல" என்றார் கமலாக்கா.

"வெளிநாட்டுச் சனம் வாழ்த்துச் சொல்ல எடுக்குதுகள். முந்திச் சொல்லுறதிலை உதுகளுக்கு ஒரு போட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாமியறைக் கதவைச் சாத்தினேன். சத்தம் போதியளவு குறையாததால் சருவத்தின் மேல் ஒரு தலையணையும் வைத்தேன்.

பலகாரமும் தேத்தண்ணியும் ஓடின. மூன்று பத்துக்கு வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். பக்கத்துத் தோட்டக்காரர் சின்னத்துரை அண்ணை, மருதனார்மடம் சந்தையில் மரக்கறி இறக்கிவிட்டு நேராக வருகிறார். அவரை மறிக்க வாசல் மேசையில் ஆள் இல்லை. போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரீச்சர், சந்தோசம், சந்தோசம். பெடியனுக்குக் கை நடுங்கினதைக் கண்டனீங்களே? மூண்டாம் முடிச்சு ஐயர்தான் பிடிச்சுக் குடுத்தவர் போல."

விறாந்தையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"எந்த முடிச்சு?" என்றேன்.

"தாலிதான். என்ரை மருமகன் அங்கை மண்டபத்திலை நிக்கிறானெல்லோ. உடனை படம் அனுப்பினவன். இந்தா பாருங்கோ. இது தாலி. இது மெட்டி. இது..." அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இது சாப்பாடு."

நான் வேட்டியைப் பார்த்தேன். 9:42. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். சின்னத்துரை அண்ணையின் போனில் என் மகனைப் பார்த்தேன். தலைப்பாகை வைத்திருந்தான். ஆரணியின் கழுத்தில் தாலிக்கொடி தொங்கியது. அந்தப் படத்தில் அவன் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்க்கவில்லை. முகத்தை ஒருபக்கம் திருப்பி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் இருந்த அடிமட்டம் கீழே விழுந்தது. நான் விழவில்லை என்று சொல்வேன். நான் கதிரையில் இருக்கப் போனேன் என்றும், கதிரை அந்த இடத்தில் இருக்கவில்லை என்றும் என் கணவர் சொல்வார்.

அவர்தான் என்னைத் தூக்கி இருத்தினார். ஒரு வார்த்தையும் குத்திக் கதைக்கவில்லை. "லிங்கை அமத்தும்" என்றார்.

கணினி எலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் மேசையைத் தடவினேன். பழைய மாணவன் வந்து அமத்தினான். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வேட்டி முழுக்க லண்டன் வந்தது. சாப்பாட்டு மண்டபம். நீள மேசை. நடுவில் என் மகனும் மருமகளும். நிரோஷனின் வாய் நிறையச் சோறு.

"அம்மா" என்றான், வாயை மூடாமலே. எழும்பினான். "ஏனம்மா ஒருத்தரும் போன் எடுக்கேல்லை? அப்பாவுக்கு எடுத்தன், உங்களுக்கு எடுத்தன், கமலாப் பெரியம்மாவுக்கும் எடுத்தன். என்ன நடந்தது எண்டு தெரியாமல் நான்..."

"ஒண்டும் இல்லையடா. எல்லாரும் சுகம்" என்றார் என் கணவர். "அம்மா நேரம் பாத்தவ."

சம்பந்தி திரைக்குள் வந்தார். "மச்சாள், ஐயரை நாலு நிமிசம் மறிச்சு வைச்சிருந்தனாங்கள். பிறகு நல்ல நேரம் போகுது எண்டவர். தம்பி தாலியைக் கையிலை வைச்சுக்கொண்டு உங்கடை படம் வருமெண்டு இந்தத் திரையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்."

படத்தில் அவன் ஏன் ஒருபக்கம் பார்த்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

அழுகை வந்தது. சபை நடுவில், கணித ரீச்சர், குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுதுகொண்டே, என்ன செய்கிறேன் என்று தெரியாமல், காலையிலிருந்து தயாராக வைத்திருந்த தட்டில் இருந்து அறுகரிசியை அள்ளி வேட்டியை நோக்கி எறிந்தேன். நான் எறிந்ததைக் கண்டு முப்பது பேரும் எழும்பி எறிந்தார்கள். கமலாக்காவுக்குக் குறி தப்பி ஒரு பிடி நேராக மடிக்கணினிக்குள் போனது. லண்டனில் என் மகன், சோற்றுக் கையை உயர்த்திப் பிடித்தபடி, தலையைக் குனிந்து நின்றான். ஆரணியும் குனிந்தாள். அவளின் கன்னத்தில் பாயசம் ஒட்டியிருந்தது.

பிறகுதான் நிரோஷன் விசாரித்து விளக்கம் சொன்னான். பழக்கம்பனியின் இயங்குதளம் பெட்டிக்குள் இருக்கிற மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்குமாம். பழைய இயங்குதளம் அதே மணிக்கூட்டைப் பார்த்து, அது உள்ளூர் நேரம் என்று நம்பிவிடுமாம். இரண்டையும் ஒரே பெட்டியில் குடிவைத்தால் ஒன்று எழுதினதை மற்றது பிழையாக வாசிக்கும். எங்களுக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை. குளிர்காலத்தில் லண்டன் நேரமும் அதுவும் ஒன்றேதான்.

"அப்ப மாசியிலை கலியாணம் வைச்சிருந்தால் என்ரை கணக்குச் சரி" என்றேன்.

"ஓம் அம்மா" என்றான், மிகப் பொறுமையாக. "முதல் நாள் சனிக்கிழமை எண்டாலும் சரி."

மடிக்கணினி இன்னும் இருக்கிறது. பழத்தை அழித்துவிட்டேன். போட்டவுடன் உள்ளே காற்றாடியில் அரிசி உருளுகிற சத்தம் கேட்கும். தாலி கட்டுகிற படத்தைப் பெரிதாக்கி விறாந்தையில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் மாப்பிள்ளை ஏன் அந்தப்பக்கம் பார்க்கிறார் என்று கேட்பார்கள். "தாயைத் தேடுறார்" என்று என் கணவர் சொல்வார். கேட்கிறவர்கள் நெகிழ்ந்துபோய் என்னைப் பார்ப்பார்கள். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்கும் நேரம் சொல்லுகிற உரிமை எனக்கு இல்லை. கோயில் பூசை நேரம் கேட்டால்கூட, "நீர் சொன்னால் லண்டன் நேரமோ, எங்கடை நேரமோ?" என்பார் இவர். லண்டனில் ஆரணியின் வீட்டிலும் அப்படித்தானாம். யாராவது விழாவுக்குப் பிந்தி வந்தால், "மாமியின்ரை கணக்குப் போல" என்று மன்னித்துவிடுவார்களாம்.

போன மாதம் ஒரு பகல், பத்தாம் வகுப்புக்கு முக்கோணங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வகுப்பறையில் போனை எடுக்கக்கூடாது என்ற விதியை எழுதினவளே நான். எடுத்தேன். நிரோஷன்.

"அம்மா, பிள்ளை பிறந்து பத்து நிமிசம். பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்" என்றான். கையில் இருந்த சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தேன். பிறகு அவன் சொன்னான்:

"உங்கடை கணக்கிலை பிறக்க இன்னும் ஐம்பது நிமிசம் கிடக்கு. ஆறுதலாப் பாடத்தை முடிச்சுப்போட்டு எடுங்கோ."